குவைத்துக்கு மூண்டு மணித்தியாலம்

திருகோணமலைத் துறைமுகம் எவ்வளவு ஆழம் எண்டு உலகத்துக்கே தெரியும். அந்தத் துறைமுகத்தப் பாத்துக்கொண்டு நிண்ட தூர நிர்ணயக் கந்தோர் எவ்வளவு ஆழம் எண்டு குறிஞ்சாக்கேணி றஊபுக்கு மட்டும்தான் தெரியும். எண்பத்தோராம் ஆண்டு அவன் அதுக்குள்ள முப்பத்தெட்டு நாள் மூச்சடக்கிக் கிடந்தவன்.

வெள்ளைக்காரன் கப்பல் கயிறு சுருட்டி வச்சிருந்த கட்டிடம் அது. வெள்ளைக்காரன் போனான், கயிறும் போச்சு, கந்தோர் வந்திச்சு. அரசாங்க உத்தியோகத்தர் மாட்டு வண்டியில போனா எத்தினை மைல் எண்டு சொல்லுறதுக்காகச் சுதந்திரம் கிடைச்ச புதுசில திறந்தது. பிறகு மாட்டு வண்டியும் நிண்டு போச்சு. கந்தோர் மட்டும் நிக்கல்ல. பதினேழு பேர் சம்பளத்தோட இருந்து, ஏற்கனவே அளந்த ரோட்டுகள் இப்பவும் அதே நீளமா இருக்கா எண்டு வருசத்துக்கு ஒருக்காப் பாத்தாங்க. பெரும்பாலும் அதே நீளமாத்தான் இருந்திச்சு. அத அறிக்கையா எழுதிக் கொழும்புக்கு அனுப்புவாங்க. கொழும்பு நன்றி சொல்லி எழுதும்.

இப்பிடி நிம்மதியா இருந்த கந்தோரில கொண்டு போய்த்தான் புதுசா ஒரு திட்டத்த வச்சாங்க. வெளிநாட்டில அந்தரிச்சு நிக்கிறவங்களுக்கு அரசாங்கமே பிளேன் ரிக்கற் எடுத்துக் குடுக்கும். ஒரே ஒரு நிபந்தனை. பயணம் ஆறு மணித்தியாலத்துக்கு உட்பட்டதா இருந்தா இஞ்சயே கையெழுத்து. ஆறுக்கு மேல போனா கொழும்பில நெடும்பயணச் சபை தீர்மானிக்கும். அந்தச் சபைக்கு இன்னும் ஆக்கள் போடல்ல.

றஊப் களப்பில வள்ளம் ஓட்டுறவன். குறிஞ்சாக்கேணியில சனத்த ஏத்திக் கிண்ணியாக் கரையில இறக்குவான். அவன்ட மனிசி ஸல்ஹா ரெண்டு வருசத்துக்கு முந்திக் குவைத்துக்கு வீட்டு வேலைக்குப் போனவ. பெப்ரவரி மாசம், ஊருக்கு வந்த ஒருத்தரிட்ட ஒரு கசெட் குடுத்தனுப்பியிருந்தா. றஊபும் அவன்ட தங்கச்சி றஹ்மாவும் பக்கத்து வீட்டுக் கசெட் ரேடியோவக் கடன் வாங்கிக் கேட்டாங்க.

"ஜெஸீமாட வாப்பா, சத்தமில்லாமத்தான் கதைக்கிறன். வீட்டுக்காரி ஸ்திரிக்கைப் பெட்டிய என்ட இடது கையில வச்சிட்டா. பழுத்துப் போச்சு. நான் ஓடி வந்திட்டன். இப்ப நம்மட நாட்டுப் பொம்புளையள் இருபத்தேழு பேரோட எம்பசிக்காரர்ட ஒரு மண்டபத்தில கிடக்கிறன். மார்ச் முப்பத்தொண்டு வரைக்கும்தான் வச்சிருப்பாங்களாம். அதுக்குள்ள ஊரில இருந்து ரிக்கற் வராட்டி, அந்த வீட்டுக்காரனையே கூப்பிட்டுக் குடுத்திருவாங்களாம். என்னக் கூப்பிட்டு எடுங்க. நீங்க இஷாத் தொழுதிட்டுப் பாய் போடுற நேரம் இஞ்ச வெயில் இன்னும் இறங்கல்ல. இந்த ஊரில பகல் சரியான நீளம்."

வீட்டையும் வள்ளத்தையும் வித்தாலும் ஒரு ரிக்கற்றுக்குக் காணாது. அடுத்த நாள் விடிய றஊப் கந்தோர் வாசல்ல நிண்டான்.

வாசல்ல கதிரையில இருந்த பியோன் பக்கீர் கிண்ணியா ஆள். ரெண்டு பேரும் ஒண்டாப் படிச்சு, ஒண்டா அடி வாங்கினவங்க.

"எங்க மச்சான் இந்தப் பக்கம்?"

றஊப் சொன்னான். பக்கீர் கேட்டுட்டு ஒரு மாதிரிப் பாத்தான்.

"சாப்பாடு கட்டிக்கொண்டு வந்தியா?"

"இல்ல. ஏன்?"

"நாளையில இருந்து கட்டிக்கொண்டு வா."

நிர்ணய அதிகாரி வீரசிங்கம் நல்ல மரியாதையான மனிசன். றஊபக் கதிரையில இருக்கச் சொன்னார். விசயம் முழுக்கக் கேட்டார். கண்ணாடியக் கழட்டித் துடைச்சார்.

"உம்மட துக்கம் எனக்கு விளங்குது. ஆனா தூரம் எண்டது துக்கத்தப் பாக்காது. தூரம் தூரம்தான். முப்பத்தொரு வருசச் சேவையில நான் ஒரு மைலக் கூட இரக்கப்பட்டுக் குறைச்சதில்ல."

எழுதுவினைஞர் இரத்தினேஸ்வரியக் கூப்பிட்டு ஒரு விண்ணப்பப் போமக் குடுக்கச் சொன்னார். மாட்டு வண்டிக் காலத்துப் போம்தான். மேல ஒரு வரியில, 'வண்டி செல்லக்கூடிய மிகக் கிட்டிய வீதி' எண்டு இருந்திச்சு. அதுக்குக் கீழ, 'வீதி கடந்து செல்லும் ஒவ்வொரு பிரிவினதும் கிராம சேவகரின் ஒப்பம்.'

"சேர், இது கடல். கடலுக்குக் கிராம சேவகர் இல்ல."

"ஆர் சொன்னது இல்லையெண்டு? பதவி வெற்றிடமா இருக்கலாம். வெற்றிடம் எண்டா வெற்றிடம் எண்டு ஒரு கடிதம் வேணும்."

கடலுக்குக் கிராம சேவகர் இல்ல எண்ட கடிதம் எடுக்க றஊபுக்குப் பதினொரு நாள் போச்சு. ஒவ்வொரு கந்தோரிலயும், எந்தக் கடல் எண்டு கேட்டாங்க. எல்லாக் கடலும் எண்டான். எல்லாத்துக்கும் சேத்து ஒரு கடிதம் தர ஏலாது, ஒவ்வொண்டா விண்ணப்பிக்கச் சொன்னாங்க. கடைசியில குறிஞ்சாக்கேணிக் கிராம சேவகர்தான் பாவம் பாத்து, 'எனது பிரிவுக்கு அப்பால் நான் அறிந்தவரை ஒருவரும் இல்லை' எண்டு எழுதிக் குடுத்தார். அந்த மனிசனுக்கு நன்மை கிடைக்கட்டும்.

பன்னிரண்டாம் நாள் அளக்கத் தொடங்கினாங்க.

கந்தோரில இருந்த உலகப் படத்தக் கறையான் திண்டு கனகாலம். மிச்சமிருந்தது வெள்ளைக்காரன் விட்டுட்டுப் போன துறைமுகப் படம்தான். எந்த இடத்தில எத்தினை பாகம் தண்ணி, எங்க கல்லு, எங்க சேறு எண்டு அவ்வளவும் அதில கிடக்கு. குவைத் மட்டும் இல்ல. பக்கீர் தன்ட மகள்ட பள்ளிக்கூட அட்லஸில இருந்து அரபு நாட்டுப் பக்கத்தக் கிழிச்சுக்கொண்டு வந்தான். அதத் துறைமுகப் படத்துக்கு இடப்பக்கமாச் சுவரில ஒட்டினாங்க. ரெண்டுக்கும் நடுவில கட்டுநாயக்கா வேணுமே. ஒரு வெள்ளைக் கடதாசியில வீரசிங்கம் தன்ட கையாலேயே ஒரு புள்ளி போட்டு, 'விமான நிலையம்' எண்டு எழுதினார். கையெழுத்தும் திகதியும் போட்டார்.

பிறகு நூல் பிடிச்சாங்க. ஒரு தொங்கல் பக்கீரிட கையில, மற்றத் தொங்கல் வீரசிங்கத்திட கையில. இரத்தினேஸ்வரி அடிமட்டம் வச்சா.

"முப்பத்தொண்டரை அங்குலம், சேர்."

"படத்தில அளவு என்ன போட்டிருக்கு?"

"ஒரு அங்குலம் அரை மைல். ஆனா சேர், அது துறைமுகத்துக்கு. குவைத் வேற படம்."

"ஒரே சுவர்தானே, பிள்ளை?"

கணக்குப் போட்டாங்க. குவைத் பதினைஞ்சே முக்கால் மைல் எண்டு வந்திச்சு. வீரசிங்கம் றஊபத் திரும்பிப் பாத்தார். அந்தப் பார்வையில முதல் தரமாச் சந்தேகம் இருந்திச்சு.

"பதினைஞ்சே முக்கால் மைல். கிட்டத்தட்ட நம்மட பக்கத்துத் தோப்பூர். உம்மட மனிசியப் பாக்க நீர் ஒரு சைக்கிள்ல போயிருக்கலாமே?"

"சேர், அவ பிளேனில போனவ."

"தோப்பூருக்கு ஏன் பிளேனில போனவ?"

றஊப் களப்பில புயலுக்குள்ள வள்ளம் வலிச்சவன். அண்டைக்கு அந்த ஒரு கேள்வியில கவிழப் பாத்தவன். இரத்தினேஸ்வரி குறுக்க வந்து, மைலில தீராத விசயத்த மணித்தியாலத்தில தீர்க்கலாம் எண்டு மெதுவாச் சொல்லியிராட்டி, ஸல்ஹாவக் கூட்டிவரத் தோப்பூருக்கு ஒரு பஸ் ரிக்கற்றுக்குச் சிபாரிசு எழுதியிருப்பாங்க.

மணித்தியாலத்துக்கு நேர அட்டவணை வேணும். அதுக்கு எட்டு நாள். பக்கீர் கொழும்பில இருக்கிற ஒரு சொந்தக்காரனப் பிடிச்சு எடுப்பிச்சான். அதில ரெண்டு வரி.

கட்டுநாயக்காவில காலம எட்டு மணிக்குக் கிளம்பினா, குவைத்தில பதினொரு மணிக்கு இறங்கும். குவைத்தில பகல் பன்னிரண்டுக்குக் கிளம்பினா, கட்டுநாயக்காவில இரவு எட்டு மணிக்கு இறங்கும்.

வீரசிங்கம் விரல் மடிச்சு எண்ணினார். திருப்பியும் எண்ணினார்.

"போகேக்க மூண்டு மணித்தியாலம். வரேக்க எட்டு."

"அது அப்பிடி இல்ல சேர்," எண்டான் றஊப். "அங்க மணி நமக்கு ரெண்டரை மணித்தியாலம் பிந்தி. நாம இஷாத் தொழக்குள்ள அங்க இன்னும் பொழுது படல்ல. அந்தந்த ஊர் மணியத்தான் அட்டவணையில போட்டிருக்கான்."

இரத்தினேஸ்வரி ஒரு துண்டுக் கடதாசி எடுத்தா. மூண்டோட ரெண்டரையக் கூட்டினா. எட்டில ரெண்டரையக் கழிச்சா. அவவிட முகம் மலர்ந்திச்சு.

"சேர், ரெண்டும் அஞ்சரை வருது! போனாலும் அஞ்சரை, வந்தாலும் அஞ்சரை. ஆறுக்கு உள்ள. இண்டைக்கே கையெழுத்து வைக்கலாம்."

அண்டைக்குத் திகதி மார்ச் பன்னிரண்டு. கதை அந்த இடத்தில முடிஞ்சிருக்கோணும். கணக்குச் சரி, விடை சரி, பேனை மேசையில இருந்திச்சு, மையும் இருந்திச்சு.

வீரசிங்கம் அந்தத் துண்டக் கையால தொடாமலே வாசிச்சார்.

"பிள்ளை, நீர் கெட்டிக்காரி. ஆனா ரெண்டரை மணித்தியாலத்தக் கூட்டவும் கழிக்கவும் உமக்கு ஆர் அதிகாரம் தந்தது? இந்தக் கந்தோருக்கு ஒரு மணிக்கூடுதான் தந்திருக்கு. அந்தா சுவரில தொங்குது. குவைத்துக்கு வேற மணி எண்டு எனக்கு ஒரு சுற்றுநிருபமும் வரேல்ல. சூரியன் தன்ட பாட்டுக்குப் பிந்தி உதிச்சா அதுக்கு நான் பொறுப்பில்ல. ஒரு அரசாங்க உத்தியோகத்தன் நாள்ல ரெண்டரை மணித்தியாலத்தக் கழிக்கத் தொடங்கினா, அதுக்கு லீவு எண்டு பேர்."

"அப்ப ஏன் சேர் போற நேரமும் வாற நேரமும் வேற வேற?" எண்டான் றஊப்.

"நல்ல கேள்வி," எண்டு வீரசிங்கம் எழும்பி நிண்டார். அவர் எழும்பினா மற்றவங்களும் எழும்போணும். எல்லாரும் எழும்பினாங்க. "இதப் பத்தி நான் இப்பவே யோசிச்சிட்டன். இஞ்ச இருந்து போறவ ஒரு சின்னப் பேக்கோட போறா. பிளேன் பாரமில்லாமப் பறக்குது. மூண்டு மணித்தியாலம். வரேக்க? ரேடியோ, ரெண்டு பிளாங்கற், தையல் மெசின், நாலு பேருக்குச் சாரி, சவர்க்காரப் பெட்டி. பாரம் ஏறினா எது எண்டாலும் பிந்தும். உம்மட வள்ளத்திலயும் அப்பிடித்தானே?"

"பாரம் ஏறினா வள்ளம் மெதுவாத்தான் போகும், சேர். ஆனா அவ ஒண்டும் கொண்டு வரல்ல. வெறுங்கையோட வாறா. அந்தக் கையில ஒண்டு பழுத்துக் கிடக்கு."

வீரசிங்கம் இரத்தினேஸ்வரியப் பாத்தார்.

"பிரயாணி வெறுங்கையோட வாறா எண்டதுக்குக் குவைத்தில இருந்து ஒரு நிறைச் சான்றிதழ் எடுக்கச் சொல்லும்."

கந்தோரில இருந்து கொழும்புக்குக் கடிதம் போச்சு. ஒரே வழிக்கு ரெண்டு நீளம் எப்பிடி வரும் எண்டு அதில கேட்டிருந்தாங்க. கொழும்புக்கு அந்தக் கேள்வி பிடிச்சுப் போச்சு. மார்ச் இருபத்திமூண்டாந் திகதி ஒரு பரிசோதகர் ஜீப்பில வந்திறங்கினார். கழுத்துப் பட்டி கட்டின மனிசன். சுவரில ஒட்டின படங்களப் பாத்து, நல்ல வேலை எண்டார். நூலத் தொட்டுப் பாத்தார். பிறகு றஊப முன்னால நிறுத்தி வச்சு விசாரிச்சார். இந்த முறை கதிரை குடுக்கல்ல.

"போக மூண்டு. வர எட்டு. அஞ்சு மணித்தியாலம் வித்தியாசம். சரியோ?"

"அட்டவணையில அப்பிடித்தான், சேர்."

"இந்த அஞ்சு மணித்தியாலமும் உன்ட மனிசி எங்க நிக்கிறா?"

றஊபுக்கு விளங்கல்ல. "பிளேனிலதான், சேர்."

"பிளேன் மூண்டு மணித்தியாலத்தில வருமெண்டு ஏற்கனவே நிரூபிச்சிருக்கு. நான் கேக்கிறது மிச்ச அஞ்சு மணித்தியாலம். ஒரு கலியாணம் கட்டின பொம்புள, தனிய, வெளியூரில. அஞ்சு மணித்தியாலம் எங்க போறா, ஆரோட போறா எண்டு தெரியாம அரசாங்கம் ரிக்கற் குடுக்கலாமா? நாளைக்கு ஒண்டு நடந்தா ஆர் பதில் சொல்லுறது?"

"அவ இன்னும் பிளேனில ஏறவேயில்ல, சேர்."

"அதுதான். ஏற முந்தியே அஞ்சு மணித்தியாலத்தக் காணல்ல. ஏறினாப் பிறகு என்ன நடக்கும்?"

பக்கீர் கதவடியில நிண்டு நிலத்தப் பாத்தான். இரத்தினேஸ்வரியிட கையில இருந்த பென்சில் முறிஞ்சுது. றஊப் மேசையில ரெண்டு கையையும் ஊண்டினான்.

"இந்தா கேளுங்க. அந்தப் பொம்புள ரெண்டு வருசம் ஒரு வீட்டுக்க கிடந்து சூடு வாங்கியிருக்கா. அந்த ரெண்டு வருசமும் அவ எங்க நிண்டா எண்டு நீங்க ஒருத்தரும் கேக்கல்ல. இல்லாத அஞ்சு மணித்தியாலத்துக்குக் கணக்குக் கேக்க வந்திட்டீங்க. வெக்கமில்லையா உங்களுக்கு?"

பரிசோதகர் அத அப்பிடியே எழுதினார். எழுதி, கீழ ஒரு கோடு போட்டார். 'விண்ணப்பதாரர் கேள்விக்குப் பதில் தரவில்லை.' பள்ளிவாசல்ல இருந்து ஒரு நன்னடத்தைக் கடிதம் கொண்டு வரச் சொல்லிட்டு, மத்தியானம் மீன் எங்க நல்லதாச் சாப்பிடலாம் எண்டு வீரசிங்கத்திட்டக் கேட்டார்.

றஊப் அந்தக் கடிதத்தையும் எடுத்தான். பள்ளிவாசல் பெரியவங்களான மத்திச்சமார் மூண்டு பேர், 'இப்பெண் ஆகாயத்தில் எங்கும் இறங்கமாட்டாள்' எண்டு கையெழுத்துப் போட்டுக் குடுத்தாங்க. கடிதத்தக் குடுக்கக்குள்ள அதில ஒருத்தர் அழுதார். கோபத்திலயா, வெக்கத்திலயா எண்டு றஊபுக்குத் தெரியா. அவனும் கேக்கல்ல.

முப்பத்தோராந் திகதி விடிய, வழமையில்லாத ஒரு காரியம் நடந்திச்சு. பக்கீர் சைக்கிள்ல குறிஞ்சாக்கேணிக்கே வந்து, "மச்சான், வா! முடிவு வந்திட்டு. அனுமதி எண்டு போட்டிருக்கு, நான் என்ட கண்ணால பாத்தனான்," எண்டு கத்தினான். றஹ்மா குசினியில இருந்து ஓடி வந்து, றஊபிட மகள் ஜெஸீமாவத் தூக்கிச் சுத்தினா. றஊப் சேட்டப் போட்டும் போடாமலும் ஓடினான்.

கந்தோர் விறாந்தையில அண்டைக்குப் பொம்புளையள் நிறைய. கிண்ணியா, மூதூர், நிலாவெளி, சல்லி எண்டு எல்லாப் பக்கத்தாலயும் வந்திருந்தாங்க. புர்காவும் இருந்திச்சு, பொட்டும் இருந்திச்சு. ஒவ்வொருத்தர் கையிலயும் ஒரு போம். சுவரில புதுசா ஒரு அறிவித்தல், பெரிய எழுத்தில: 'குவைத் மூன்றே மணித்தியாலம். தூரம் அரசாங்கத்தால் உறுதிப்படுத்தப்பட்டது. செல்ல விரும்புவோருக்கு உடன் சான்றிதழ்.'

வீரசிங்கம் அண்டைக்குப் புதுச் சேட். றஊபிட கையப் பிடிச்சுக் குலுக்கிக் கடிதத்தக் குடுத்தார். றஊப் எழுத்துக் கூட்டி வாசிச்சான். பேர், ஸல்ஹா. அனுமதிக்கப்பட்ட நேரம், மூண்டு மணித்தியாலம். அனுமதிக்கப்பட்ட வழி, கட்டுநாயக்காவில இருந்து குவைத்துக்கு.

"சேர், இது போற வழி."

"ஓம். எட்டு மணித்தியால வழி எங்கட அதிகாரத்துக்கு வெளிய. மூண்டு மணித்தியால வழி உள்ளுக்க. ஆகவே அந்த வழியில அனுமதி."

"அவ அங்கதானே சேர் நிக்கிறா!"

வீரசிங்கம் சிரிச்சார். மனசு நிறைஞ்ச சிரிப்பு அது.

"அதுதான் விசேசம். அனுமதிச்ச வழியில அவ ஏற்கனவே போய்ச் சேந்திட்டா. பயணம் முடிஞ்சுது, அரசாங்கத்துக்குச் செலவும் இல்ல. எங்கட திட்டத்தில வெற்றியா முடிஞ்ச முதல் ஃபைல் உம்மடதான். நான் கொழும்புக்கு எழுதப் போறன்."

இரத்தினேஸ்வரி எழும்பி நிண்டா. கையில ஒரு தந்தி இருந்திச்சு, குவைத் எம்பசியில இருந்து அப்பத்தான் வந்தது. வாசிச்சுச் சொல்ல ஏலாம அத றஊபிட்டயே நீட்டினா. ரெண்டே வரி. 'ரிக்கற் கிடைக்கவில்லை. ஸல்ஹா வீட்டுக்காரரிடம் ஒப்படைக்கப்பட்டார்.'

றஊப் கத்தல்ல. மேசையத் தூக்கிப் போடல்ல. கந்தோரில இருந்த எல்லாரும் அவன் அப்பிடி ஏதாவது செய்வான் எண்டு பாத்துக்கொண்டு நிண்டாங்க; செய்திருந்தாப் பொலிசுக்கு எழுதி ஃபைல மூடியிருப்பாங்க. அவன் தந்திய மடிச்சு மடியில செருகினான். விறாந்தைக்குப் போனான். அறிவித்தலுக்கு நேர கீழ முதுகச் சாய்ச்சு நிண்டான்.

"ராத்தாமாரே, தங்கச்சிமாரே," எண்டான். "இதில மூண்டு மணித்தியாலம் எண்டு போட்டிருக்கு. அது பொய். அஞ்சரை. உள்ள இருக்கிற அந்த மிஸ் கணக்குப் போட்டுச் சொன்னவ. ஆனா அத விடுங்க. போறதுக்குத்தான் இவங்களிட்ட வழி இருக்கு. திரும்பி வாறதுக்கு இல்ல. என்ட மனிசி போனவ. அவட இடது கையில..."

கையில என்ன நடந்தது எண்டு சொன்னான். ஒண்டும் மறைக்காம, ஒண்டும் கூட்டாமச் சொன்னான். மண்டபத்தச் சொன்னான். தந்தியச் சொன்னான். சொல்லி முடிஞ்சதும் திருப்பி முதல்ல இருந்து சொன்னான், ஏனெண்டா அதுக்குள்ள பின்னால புதுசா ரெண்டு பேர் வந்து நிண்டாங்க.

முன்னால நிண்ட ஒரு நடுத்தர வயசுப் பொம்புள அவனயே பாத்தா. "தம்பி, எனக்கு நாலு பிள்ளையள். புருசன் இல்ல," எண்டா. அத மன்னிப்புக் கேக்கிற மாதிரிச் சொன்னா. அவ போமக் கீழ வைக்கல்ல. அவவுக்குப் பின்னால நிண்ட ஒரு பிள்ளை, பதினெட்டுப் பத்தொன்பது வயசிருக்கும், போம நாலா மடிச்சுக் கையுக்குள்ள பொத்திக்கொண்டு வெயிலுக்க இறங்கிப் போச்சுது. மற்றவங்க ஒருத்தரும் அசையல்ல.

சத்தம் கேட்டு வீரசிங்கம் வெளிய வந்தார். கண்ணாடிக்கு மேலால பாத்தார்.

"இதென்ன இது? கந்தோர் வேலைக்கு இடைஞ்சல். நீர் இதில எவ்வளவு நேரம் நிக்கப் போறீர்?"

"அளந்து பாருங்க, சேர்," எண்டான் றஊப். "உங்கட உத்தியோகம் அதுதானே."

எண்டுபோட்டு அவருக்கு முதுகக் காட்டிக்கொண்டு, புதுசாப் படியேறி வந்த மூண்டு பேருக்குத் திருப்பி முதல்ல இருந்து சொல்லத் தொடங்கினான்.